கடன் இல்லாத ஓனர்

அருள்புரத்தை விட்டுத் திருப்பூர்ச் சாலையில் வடக்கே நடந்துகொண்டிருந்தேன். பேருந்து ஓடவில்லை. தோளில் துணிப்பை. அதற்குள் இரண்டு சட்டையும் ஓனர் வீட்டம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறும். கொடுத்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்னால் வாங்கியிருக்க முடியாது.

ஓனருக்கு ஆறு தையல் மெஷின்கள். பெரிய கம்பெனிகள் வெட்டி அனுப்பும் பனியன் துணியைத் தைத்துக் கொடுப்பார். நான் மடித்து அடுக்குவேன். எந்த ஊரிலும் ஒரு வருஷம் நிலைக்காதவன் அங்கே மூன்று வருஷம் இருந்தேன். ஆறு மெஷினும் ரொக்கத்துக்கு வாங்கியவை. வங்கிப் படி மிதித்ததில்லை என்பதை, மலைக்கு மாலை போட்டவர் விரதத்தைச் சொல்வதுபோல் சொல்வார். கொரோனா வந்து எல்லாம் பூட்டப்பட்டபோது தைக்க வந்தவர்கள் ஊருக்குப் போனார்கள். போக ஊரில்லாத என்னிடம், "நம்ம ஊட்டுலயே சாப்புடு கண்ணு" என்றார்.

இரண்டாம் மாதம் பழைய மெஷின் வியாபாரி ஒருவர் வந்து, ஆறுக்கும் சேர்த்து ஒரு விலை சொன்னார். வீட்டை ஒரு வருஷம் ஓட்டலாம். ஓனர் தலையாட்டப் போன நேரத்தில் நான்தான் வாயைத் திறந்தேன். எட்டாவது வரை படித்தவன். அந்த வீட்டில் பேப்பரைப் படித்துச் சொல்பவன் நான். ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்துவிட்டது, வங்கிகளுக்குப் பணத்தைத் திறந்துவிட்டது, சிறு தொழிலுக்கு அடமானமில்லாத கடன் என்று போட்டிருந்தது. ஒரு பைசா பாக்கி இல்லாதவருக்குத்தானே முதலில் கொடுப்பார்கள் என்றேன். அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. வியாபாரியைத் திருப்பி அனுப்பினார்.

மூன்று வாரம் வங்கிக்கு அலைந்தோம். கடைசியில் மேலாளர் பொறுமையாகவே விளக்கினார். ஏற்கெனவே கடன் வாங்கியவர்கள் மூழ்காமல் இருக்கத்தான் அந்தத் திட்டம். பழைய கடனில் ஒரு பங்கு புதுக் கடனாகக் கிடைக்கும். பழையது இல்லையென்றால் புதியதும் இல்லை.

"அப்ப நான் கடன் வாங்காம இருந்தது தப்புங்களா?" என்று கேட்டார் ஓனர்.

"தப்புன்னு சொல்லலீங்க. உங்க பேரே எங்க கம்ப்யூட்டர்ல இல்லீங்க."

வெளியே வந்து அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். அதற்குள் ஊரெங்கும் மெஷின்கள் விலைக்கு வந்திருந்தன. அதே வியாபாரி இப்போது பாதி விலை சொன்னார். ஓனர் பேரம் பேசவில்லை. ஆறு மெஷினையும் ஏற்றிக்கொண்டு வண்டி போன பிறகு, திட்டட்டும் என்று எதிரில் நின்றேன்.

"நீ படிச்சதத்தான சொன்ன" என்றார்.

திட்டியிருக்கலாம். இன்றைக்கும் டீக்கடையில் யாராவது பேப்பரை என் கையில் கொடுத்தால், வட்டிச் செய்தியை நான் வாய்விட்டுப் படிப்பதில்லை.

அன்று திருப்பூரைத் தாண்டி நெருப்பெரிச்சல் வரை நடந்தேன். மறுநாள் காலையில் முகக்கவசம் தைக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வாசலில் பிரிக்காத பெட்டிகளில் புது மெஷின்கள் வந்து நின்றன. இறக்கச் சொன்ன முதலாளி சலித்துக்கொண்டார்: "ஏற்கெனவே கழுத்து வரைக்கும் லோனு. இன்னொரு லோனும் வாங்கிக்கங்கன்னு பேங்க்லயே கூப்புட்டுக் குடுக்கறாங்க."

நான் முதல் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தேன்.