அண்ணன் பெயரில் பறந்தவர்

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், ஒரு வெற்றிலைக் கடையில் யுத்த மெடல் ஒன்றைப் பார்த்தேன். ஆறு முனை வெண்கல நட்சத்திரம். பக்கத்தில் சுண்ணாம்பு டப்பா.

அது அங்கே வந்து சேர்ந்ததில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. நான் செய்தது சரியா, தப்பா? இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. நீங்களே படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான் ராஜபாளையத்தில் பேங்க் உத்தியோகம் பார்ப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். பத்திரிகையில் எழுதுகிறவன் என்பது எங்கள் தெருவுக்கும் தெரியும். அதனால் கண்ட பலன்... இங்கிலீஷில் மனு எழுத வேண்டியவர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பாதி மனுக்களை இட்லித் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன்.

அப்படித்தான் போன வருஷம் சம்பத் வந்தார். ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். எங்கள் பக்கத்தில் அவருக்கு 'பிளேன் சம்பத்' என்று பெயர். உலக யுத்தத்தில் விமானத்தில் பறந்ததாகச் சொல்வார். ஒருவரும் நம்பியதில்லை. எப்போதாவது வானத்தில் சத்தம் கேட்டால் டீக்கடையில் இருந்து யாராவது, "அண்ணாச்சி, உங்க வண்டி போகுது பாருங்க" என்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன் – இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் கையில் டெல்லியில் இருந்து வந்த ஒரு கடிதம். யுத்தத்தில் சேவை செய்து மெடல் வாங்காமல் விட்டவர்கள் இப்போதும் கேட்கலாம் என்று, முன்னாள் பட்டாளத்தார் கூட்டத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இவர் எழுதிப் போட்டிருக்கிறார். வந்த பதில் இரண்டே வரி. சம்பத் என்ற பெயரில் அவர் சொன்ன விமானப் பிரிவில் யாரும் இருந்ததில்லை.

"பிறகென்ன? அவங்களே இல்லைங்கிறாங்களே" என்றேன். இட்லி ஆறிக்கொண்டிருந்த எரிச்சல் எனக்கு.

"அவிய சொல்லுதது சரிதான் சார். சம்பத்துன்னு யாரும் போகல."

மஞ்சள் பையில் இருந்து ஒரு பழைய அட்டை போட்ட புத்தகத்தை எடுத்து வைத்தார். பறந்த நாள், பறந்த நேரம், எங்கே, எதற்கு... எல்லாம் வரி வரியாக இருந்தது. பர்மா எல்லையில் குண்டு போடும் விமானம். பின் சீட்டில், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து துப்பாக்கி பிடிக்கிற வேலை. எல்லாப் பக்கத்திலும் அதிகாரியின் கையெழுத்து. முதல் பக்கத்தில் பெயர் – வரதன்.

"வரதன் யாரு?"

"எங்கண்ணன்."

யுத்தம் நடந்தபோது சம்பத்துக்குப் படையில் சேர வயது போதவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யும் முடிக்கவில்லை. அண்ணன் வரதன் முடித்திருந்தார். தம்பி ஒரு நாள் அண்ணனின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை – அப்போதெல்லாம் சர்டிபிகேட் புத்தகமாகத்தான் இருக்கும் – எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டார். ஆளைச் சேர்த்ததும் புத்தகத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள், பத்தே நாளில் தபாலில் அனுப்பிவிடலாம் என்று நினைப்பு. அவர்கள் அதை ஃபைலில் வைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு சங்கதியும் இருந்தது. அந்தப் புத்தகத்தில் அங்க அடையாளம் போட்டிருக்கும் அல்லவா? வலது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம் என்று இருந்தது. தம்பிக்கு அங்கே மச்சம் கிடையாது. என்ன செய்தார் தெரியுமா? தேர்க் கூட்டத்தில் பச்சை குத்துகிற அம்மாவிடம் போய் ஒரு புள்ளி குத்திக்கொண்டார்.

சட்டைக் கையை ஏற்றிக் காட்டினார். மிளகு அளவுக்கு ஒரு பச்சைப் புள்ளி.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அதே மாசம் அண்ணனுக்கு ரயில்வேல இருந்து கார்டு வந்திருக்கு சார், கிளார்க்கு வேலைக்கு. ஒரிஜினலோட வான்னு. எதைக் கொண்டுபோய்க் காட்டுவாரு? அந்த வேலை போச்சு. மாமா வெத்தலைக் கடையில உக்காந்தவருதான்... இன்னைக்கும் அங்கதான் உக்காந்திருக்காரு."

"இப்ப பேச்சுவார்த்தை உண்டா?"

"கல்யாண வீட்டுல, எழவு வீட்டுல பாப்போம். அவரும் பேசமாட்டாரு, நானும் பேசமாட்டேன்."

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த அரை மணியைக் கடக்க ஐம்பது வருஷம் போதவில்லை.

"இப்ப எதுக்குங்க மெடல்?" என்று கேட்டேன்.

"என் சம்சாரம் சாகுற வரைக்கும் நம்பல சார். சாகுறதுக்குள்ள ஒரு ஆளாச்சும் நம்பணும்ல."

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நடந்ததை அப்படியே அஃபிடவிட்டாக எழுதவேண்டும். 'நான் அந்தப் படையில் இருந்ததே இல்லை, என் சர்டிபிகேட்டில் போனது தம்பி' என்று வரதன் கையெழுத்துப் போடவேண்டும். டைப் அடித்து எடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு இருவரும் பஸ் ஏறினோம்.

வரதன் வெற்றிலைக் கட்டின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்தார். பார்க்காத மாதிரி என்னிடம், "என்ன விசயமா வந்திருக்கீய?" என்றார்.

சொன்னேன். பேப்பரைப் படித்துக் காட்டினேன். சம்பத் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் போகலங்கிறது ஊருக்கே தெரியுமே சார். இங்கனதானே உக்காந்திருக்கேன்" என்றார் வரதன். தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார். பிறகு, "அந்தப் புஸ்தகத்தை என்ன செஞ்சான்னு கேளுங்க."

சம்பத் மஞ்சள் பைக்குள் கைவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது... எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் அவரிடமே இருந்தது.

"சண்டை முடிஞ்சு அனுப்பும்போது குடுத்துட்டாங்க அண்ணே. அப்பமே கொண்டாந்து குடுத்திருக்கணும். உம் மொகத்துல முழிக்க முடியல."

வரதன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "கணக்குல அம்புட்டு வாங்கியிருந்தேனா நான்..." என்றார் யாரிடமோ. அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

"தொலைஞ்சு போச்சுன்னு டூப்ளிகேட் கேட்டிருக்கலாமே ஐயா?" என்றேன். பேங்க் புத்தி.

"கேட்டா என்ன ஆகும்? ஒரே ஆளு பட்டாளத்துலயும் இருக்கான், வெத்தலைக் கடையிலயும் இருக்கான்னு தோண்ட மாட்டாங்களா? பொறவு இவனைப் புடிச்சு உள்ள போட்ருவாங்க. அதான் பேசாம இருந்துட்டேன்."

சம்பத் அப்போதுதான் ரோட்டில் இருந்து முகத்தைத் திருப்பினார். இது அவருக்கும் புதுச் செய்தி. ஐம்பது வருஷமாக அண்ணனின் மௌனத்தைக் கோபம் என்றே நினைத்து வாழ்ந்திருக்கிறார், பாவம்.

"ஏலே, கையக் காட்டு" என்றார் வரதன். தன் கையைப் பக்கத்தில் வைத்தார். கறுப்பாக ஒன்று. பச்சையாக ஒன்று.

"குத்தும்போது வலிச்சுதா?"

நான் வெற்றிலைக் கட்டைப் பார்த்துக்கொண்டேன்.

அஃபிடவிட்டை வரதன் என்னிடமே நீட்டினார். "இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார். கள்ள சர்டிபிகேட்டுல போனவன்னு எழுதிக் குடுத்தா, இந்த வயசுல இவனை ஏதாச்சும் செஞ்சிருவாங்க. அன்னைக்கே காட்டிக் குடுக்கல, இன்னைக்கா குடுப்பேன்? வரதன்தானே போனான்... வரதனே கேக்கட்டும்."

அதாவது மனு வரதன் பெயரில் போகும். மெடலும் வரதன் பெயரில்தான் வரும். சம்பத் என்கிற பெயர் எங்கேயும் இருக்காது. நான் சம்பத்தைப் பார்த்தேன். அவர் கேட்டு அலைந்ததே அந்த ஒன்றைத்தானே?

ஏற்றிய சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, "அப்படியே செய்வோம் அண்ணே" என்றார்.

மனுவில் பெயர் பொருந்தியது. தகப்பனார் பெயர் பொருந்தியது. மச்சத்தை வரதன் கையில் பார்த்து ஒரு அரசு டாக்டர் சான்று கொடுத்தார். இடித்தது கையெழுத்து மட்டும்தான். படையின் ரெக்கார்டில் இருப்பது தம்பி போட்ட 'வரதன்' அல்லவா? அதனால் அதைச் சம்பத்தே போட்டார். கை நடுங்காமல், கண் இமைக்கும் நேரத்தில். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள்... நான்தான்.

மாதங்கள் ஓடின. ரிஜிஸ்டர் தபாலில் மெடல் வந்துவிட்டது என்று தகவல் கிடைத்துத்தான் போன வாரம் போனேன். நட்சத்திரத்தையும் அதோடு வந்த பெயர்ச் சீட்டையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார் வரதன். சம்பத் கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலையை நூறு நூறாக எண்ணிக் கவுளி கவுளியாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் வந்துவிடுகிறாராம்.

வெற்றிலை வாங்க வந்த கூமாப்பட்டிக்காரர் ஒருவர் சட்டத்தை உற்றுப் பார்த்தார். "அண்ணாச்சி பட்டாளத்துல இருந்தீயளோ?"

"நான் இல்ல. எந்தம்பி. இந்தா உக்காந்திருக்கான்ல, இவன்தான். பர்மா சண்டையில பிளேன்ல போனவன்."

"சீட்டுல உங்க பேருல்ல போட்டிருக்கு?"

"எங்க போனாலும் எம் பேரைச் சொல்லிக்கிட்டுத்தான் போவான்" என்றார் வரதன்.

கூமாப்பட்டிக்காரர் சம்பத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். சம்பத் எழுந்து நின்று திருப்பிக் கும்பிட்டார். வெற்றிலை நனைந்த கை. கண்ணும் அப்படித்தான்.

கையெழுத்தைச் சரிபார்ப்பதுதான் பேங்கில் என் வேலை. இத்தனை வருஷத்தில் பொய் என்று தெரிந்தே நான் பாஸ் செய்தது அந்த ஒரே ஒரு கையெழுத்துதான்... மேனேஜர் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன் – அது பொய்யே இல்லை.