பொறுக்க ஆளில்லாத தோப்பு

தூத்துக்குடிப் பக்கம் மாப்பிள்ளையூரணி சுடலைராஜ் முந்திரிக்கொட்டை வாங்கப் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுக்கு முதன்முதலாகப் போனபோது, அந்நாட்டின் வடக்கே ஒரு கிராமத்தில் கால் வைக்க இடமிருக்காது. லாரி நின்றதும் பிள்ளைகள் ஓடிவந்து மொய்த்துக்கொள்வார்கள். மரத்தடியில் குனிந்து பொறுக்க ஒவ்வொரு வீட்டிலும் நாலைந்து பேர் இருந்தார்கள். கொட்டையை அறுத்துத் தரம் பார்ப்பது சுடலைராஜின் வேலை. தூத்துக்குடி முத்துச்செல்வம் அண்ணாச்சியின் கம்பெனிக்காக மாசியில் போனால் வைகாசியில்தான் திரும்புவான்.

அங்கே சாபி என்ற தோப்புக்காரர் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. சுடலைராஜின் அரைகுறை பிரெஞ்சைக் கேட்டு அந்த வீடே சிரிக்கும்.

வருஷம் போகப் போக ஊர் மாறியது. பிள்ளை பிறப்பது நிற்கவில்லை. ஆனால் பிறந்தது வளர்ந்து மீசை முளைத்ததும் கடற்கரைப் பட்டணத்துக்கோ நைஜீரியாவுக்கோ கிளம்பிவிட்டது. சாபியின் மகன்கள் இரண்டு பேரும் போனார்கள். கடைசியில் ஊரில் கைக்குழந்தைகளும் நரைத்த தலைகளுமே மிச்சம். தோப்பைப் பார்த்துக்கொண்டது போனா என்ற சாபியின் மகள்தான்.

அப்போதுதான் கொட்டையை உடைக்காமல் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று அந்த நாட்டு அரசு தடை போட்டது. அண்ணாச்சி அங்கேயே துறைமுகத்துப் பக்கம் கொட்டை உடைக்கும் ஒரு ஆலையில் கூட்டுச் சேர்ந்தார்.

"ஏலே சுடல, ஒனக்குத்தான் அந்த ஊரு ஆளுகளத் தெரியும்லா. கொட்ட ஒடைக்கப் பொம்பளப் பிள்ளைகளாப் பாத்துக் கூட்டியா" என்றார்.

சுடலைராஜ் வீடு வீடாக ஏறி இறங்கினான். சாபி மட்டும் யோசித்தார். "இவளும் போனால் யார் பொறுக்குவது? எனக்கு இடுப்பு வளையாது."

"அறுவடைக்கு நானே கூட்டிவருகிறேன்" என்று வாக்குக் கொடுத்தான் சுடலைராஜ். போனா வேன் ஏறினாள்.

அறுவடைக் காலத்தில்தான் ஆலைக்கும் வேலை அதிகம். லீவு கேட்டவர்களை வேலையை விட்டே நிற்கச் சொன்னார்கள். அவன் மேனேஜரிடம் கெஞ்சிப் பார்த்தான். பிறகு போனாவிடமே போய்க் கேட்டான்.

"நான் வரவில்லை. அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்? என் வயதுக்காரி ஒருத்திகூட இல்லை. எல்லாரையும் இங்கே கூட்டிவந்தது நீங்கள்தானே?" என்றாள் அவள்.

அவன் தனியாகத்தான் போனான். கோடை மழை முந்திக்கொண்டதில் கொட்டைகள் மரத்தடியில் கறுத்துக் கிடந்தன. சாபி மண்டியிட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வேனை எட்டிப் பார்த்தார். உள்ளே டிரைவரைத் தவிர யாருமில்லை.

"என் வீட்டில் சாப்பிட்டவன் நீ" என்றார். சுடலைராஜும் பக்கத்தில் குனிந்து கொஞ்ச நேரம் பொறுக்கினான். அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

மாப்பிள்ளையூரணிக்குத் திரும்பியபோது அவன் மனைவி செண்பகம் பகலில் வீட்டில் இருந்தாள். அவள் முந்திரி உடைத்துவந்த ஷெட்டைப் பூட்டிவிட்டார்கள்.

"கொட்டை வந்தாத்தான ஒடைக்கதுக்கு? அங்கன ஆளுகள ஊர விட்டுக் கெளப்புனிய, இங்கன எங்கள வீட்டுக்கு அனுப்பிட்டிய" என்றாள். அவள் விரல்களில் முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்ட கறை இன்னும் போகவில்லை.

கார்த்திகையில் போனாவின் குரல் வாட்சப்பில் வந்தது. தோப்பை வெட்டிக் கரி சுட அப்பா ஆட்களை விட்டுவிட்டாராம். அவர் இருப்பது இப்போது தன் தங்கை வீட்டில். குரலில் அழுகை இல்லை. பின்னால் மெஷின் சத்தம்தான் கேட்டது.

சுடலைராஜ் அதை அண்ணாச்சியிடம் சொன்னான்.

"அந்த ஊரு போவட்டும்லே. இன்னும் வடக்க ஏறுனா ஆலைக்கு ஆளு கெடைக்கும்ங்காவ. மாசியில கெளம்பிரு" என்றார் அவர்.

செண்பகத்துக்கு மீன் கம்பெனியிலும் வேலை கிடைக்கவில்லை. மாசியில் அவன் கிளம்பினான்.