காதைத் தொட்ட கை

லுவேலா ஆரம்பப் பள்ளியில் படித்தவர்களில் பாதிப் பேரின் தலை, ஒருநாளாவது லாமெக் ஜேரே சாரின் கையில் இருந்திருக்கிறது. முப்பத்தாறு வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவர். வடக்கு மலாவியின் அந்த ஊர்களில் அந்தக் காலத்தில் பிள்ளைகளின் பிறந்த தேதியை யாரும் எழுதிவைத்ததில்லை. அதனால் பள்ளிக்குச் சேர்க்க ஒரே கணக்குதான். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் பெயர் பதிவேட்டில் ஏறும். தொடாவிட்டால் அடுத்த வருஷம் வரவேண்டியதுதான்.

பள்ளி திறக்கும் வாரம் வந்தால் தாய்மார்கள் வீட்டில் பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்கள். மரவள்ளிக் கிழங்கா அது, இழுத்தால் நீள? ஜேரே சார் இடது கையால் பிள்ளையின் தாடையைப் பிடித்துத் தலையை நேராக நிறுத்திவிடுவார். கழுத்தைச் சாய்த்துக் காதைக் கைக்குக் கொண்டுவரும் தில்லாலங்கடி எல்லாம் அவரிடம் செல்லாது. "ஜேரே சார் பார்த்தா தப்பாது" என்று ஊரே சொல்லும். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். தன்னடக்கம் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

ஓய்வு பெற்று எட்டு வருஷம் கழித்து, தலைமையாசிரியை தமாலா அவர் வீடு தேடி வந்தாள். அவளும் அவரிடம் காதைத் தொட்டுக் காட்டிச் சேர்ந்தவள்தான்.

"சார், பள்ளிக்கூடத்துக்குத் தொண்ணூறு வயசாகுது. சரித்திரத்த நீங்கதான் எழுதித் தரணும். விழாவுல நீங்களே படிச்சிருங்க."

"வேற யாராச்சும் எழுதட்டுமே."

"வேற யாரு இருக்கா? இருக்கிறவங்களுக்கு எழுத வராது, எழுத வர்றவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

கரும்பு தின்னக் கூலியா என்று வேறு யாராவது குதித்திருப்பார்கள். ஜேரே சார் மறுநாள் பள்ளி அலுவலகத்தில் தகரப் பெட்டியைத் திறந்து, கரையான் தின்றதுபோக மிஞ்சிய பதிவேடுகளைப் பிரித்து உட்கார்ந்தார்.

முதலில் பேனா நன்றாகவே ஓடியது. 1928இல் மிஷன்காரர்கள் அனுப்பிய ஒரு வாத்தியார், அத்திமரத்தடியில் பதினேழு பையன்கள், ஒரே ஒரு கரும்பலகை. பெற்றோர்களே மண் குழைத்துச் செங்கல் அறுத்துக் கட்டிய முதல் கட்டடம். ஒரு பெருங்காற்றில் கூரை பறந்து பக்கத்து ஊர் மக்காச்சோளக் காட்டில் விழுந்ததும், அந்த ஊர்க்காரர்கள் அதைத் திருப்பித் தர ஓர் ஆடு கேட்டதும்கூட எழுதினார். மணிக்குப் பதிலாக மரத்தில் தொங்கும் லாரிச் சக்கர வளையத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கினார். 1974ஆம் வருஷப் பதிவேட்டைத் திறந்ததும் பேனா நின்றுவிட்டது.

தொண்ணூற்றாறு பெயர்கள். அதற்கு மேல் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. தொண்ணூற்றாறாவது பெயர், அப்போதைய ஊர்த் தலைவரின் தங்கை மகன். அந்தப் பையனின் விரல் உச்சந்தலையைக்கூடத் தாண்டவில்லை.

அந்த ஓர் இடம் மட்டும் மிச்சமிருந்தபோது, அதே வரிசையில் ஏனாலா நின்றிருந்தாள். எட்டு வயது இருக்கும். முந்தைய இரண்டு வருஷமும் வந்து, எட்டாமல் திரும்பியவள். மூன்றாவது வருஷம் அவள் விரல் காதைத் தொட்டது. சும்மா உரசவில்லை, காதின் மடலையே பிடித்தது. ஜேரே சார் அதைப் பார்த்தார். முந்தின நாள் ஊர்த் தலைவர், "நம்ம பையன மறந்துராதீங்க வாத்தியாரே. உங்க வீட்டுக் கூரைக்குப் புல்லு அறுத்துத் தந்தது யாருன்னும் மறந்துராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இருபத்துநாலு வயது, வேலைக்கு வந்து ஒரு வருஷம். தாடையைப் பிடித்திருந்த இடது கையால் அவள் தலையை, காது கைக்கு எட்டாத பக்கமாக ஒரு விரற்கடை சாய்த்தார். அவள் விரல் வழுக்கி முடிக்கு வந்தது.

"எட்டல. அடுத்த வருஷம் வா."

அவள் அவரைப் பார்க்கவில்லை, தன் கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்த வருஷம் அவள் அம்மா படுக்கையில் விழுந்தாள். தம்பி தங்கைகளைத் தூக்கிச் சுமந்ததில் பள்ளிக்கூடம் போயேபோய்விட்டது. தலைவரின் தங்கை மகனோ, இரண்டாம் வகுப்போடு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ஜேரே சாரின் நெஞ்சுக்கு அதற்கும் மேலே ஒரு தண்டனை இருந்தது. பள்ளியில் பிள்ளைகளுக்குக் காலைக் கஞ்சி கொடுக்கத் தொடங்கியபோது, கஞ்சி காய்ச்ச வந்து சேர்ந்தவள் ஏனாலாதான். கூட்டத்தில் எட்டாத பிள்ளைக்கும் நீளக் கரண்டியை நீட்டி ஊற்றுவாள். "எனக்குக் கை குட்டைப்பா, அதான் கரண்டி நீளம். வேணும்னா சாரக் கேளுங்க, அவரு அளந்து பாத்தவரு" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். சாரும் சிரிப்பார். செய்த தப்பைவிட அந்தச் சிரிப்புத்தான் பெரிய தப்பு என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், வேலையில் இருந்த கடைசி நாள்வரை சிரித்துக்கொண்டிருந்தார்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலையில் கஞ்சிக் கொட்டகைக்குப் போனார்.

"நியாமோயோ" என்றார். அப்பன் வீட்டுக் குலப்பெயருக்கு முன்னால் 'நியா' சேர்த்துப் பெண்ணைக் கூப்பிடுவதுதான் அங்கே மரியாதை. "ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க சார். கஞ்சி இன்னும் கொதிக்கல."

நின்றபடியே சொன்னார். தலைவர், புல், தாடை, விரற்கடை, ஒன்றையும் விடவில்லை. அவள் கிண்டிக்கொண்டேதான் கேட்டாள். முடித்ததும் கரண்டி நின்றது.

"அப்போ எட்டுச்சா?"

"எட்டுச்சு."

"நாப்பத்தி நாலு வருஷமா இந்தக் கையத் திட்டியிருக்கேன் சார்." குரல் ஏறவே இல்லை. "எம் மவ பொறந்தப்போ மூஞ்சிய அப்புறந்தான் பாத்தேன். மொதல்ல கையத்தான் அளந்தேன், என்னுது மாதிரி வந்துருச்சோன்னு."

ஜேரே சார் குனிந்து, அடுப்பிலிருந்து நழுவிய விறகை உள்ளே தள்ளினார்.

"இத ஏன் இப்ப சொல்றீங்க? பாரம் எறங்கணும்னா?"

"அதுவுந்தான்" என்றார். அந்த ஒன்றிலாவது பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

"சரி, எறக்கிட்டீங்க. எங்க வைக்கிறதுன்னு எனக்குத்தான் தெரியல." அவள் மறுபடி கிண்டத் தொடங்கினாள். "தள்ளி நில்லுங்க. அடிபிடிக்குது."

அன்றே எல்லாவற்றையும் சரித்திரத்தில் எழுதினார். தமாலா படித்துவிட்டு முகம் வெளுத்தாள். "நல்ல நாளும் அதுவுமா இது எதுக்கு சார்? தலைவர் வீட்டுக்காரங்க முன்வரிசையில உக்காந்திருப்பாங்க. நாங்க உங்கள அப்படியா நெனச்சு வச்சிருக்கோம்?"

"அதான் தப்பு. இது இல்லன்னா மத்ததும் இல்ல. வேற ஆளப் பாத்துக்க" என்றார். "நீங்களே படிங்க" என்று அவள் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

விழா நாளில் அத்திமரத்தடியே நிரம்பி வழிந்தது. வருஷவாரியாகப் பெயர் கூப்பிடுவது என்று ஏற்பாடு. வந்திருப்பவர், நரைத்த தலையோடு எழுந்து, "இருக்கேன், சார்" என்று வகுப்புப் பிள்ளைபோல் சொல்ல வேண்டும். செத்துப்போனவருக்கும் தூரம் போனவருக்கும், பக்கத்தில் இருப்பவர் "வரல, சார்" என்பார். பலதற்குக் கூட்டம் சிரித்தது, சிலதற்கு அழுதது.

1974 வந்தது. ஜேரே சார் முதலில் தான் செய்ததைப் படித்தார். முன்வரிசையில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரும் எழுந்து போகவில்லை. பிறகு தொண்ணூற்றாறு பெயர்களையும் கூப்பிட்டார். அதற்குக் கீழே தன் கையால் புதிதாக எழுதியிருந்த தொண்ணூற்றேழாவது பெயரையும் கூப்பிட்டார்.

"ஏனாலா மோயோ."

எல்லாத் தலையும் கஞ்சிக் கொட்டகைப் பக்கம் திரும்பியது. அவள் கரண்டியைப் பானைமேல் குறுக்காக வைத்துவிட்டு வெளியே வந்தாள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைப் பிடித்துக்கொண்டாள். அவர் பார்க்கும்வரை அப்படியே நின்றாள்.

"வரல, சார்" என்றாள்.

கையை இறக்கிவிட்டுப் பானைக்குத் திரும்பினாள். ஜேரே சார் அடுத்த பக்கத்தைப் புரட்டி, அப்படியே தமாலாவிடம் நீட்டினார். 1975ஆம் வருஷத்துப் பெயர்களைத் தமாலாதான் கூப்பிட்டாள்.