ஜெமீல் போட்ட பிடி

கல்முனைக்குடியில் ஜெமீல் என்று கேட்டால் ஆறேழு பேரைக் காட்டுவார்கள். பிடி போடுகிற ஜெமீல் என்று கேட்டால் ஒருவனைத்தான் காட்டுவார்கள். சந்தைக்குப் போகும் ஒழுங்கையில், தேத்தண்ணிக் கடைக்கு நேர் எதிரே அவன் கடை. கடை என்ன கடை! இரண்டு பேர் உள்ளே இருந்தால் மூன்றாவது ஆள் வெயிலில்தான் நிற்க வேண்டும். மண்வெட்டி, கோடாலி, தாக்கத்தி என்று எந்த இரும்பு வந்தாலும் அதற்கு மரத்தில் பிடி போட்டுக் கொடுப்பது அவன் தொழில்.

ஒரு தடியைச் செருகி ஆப்பை அடித்தால் முடிந்தது, இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். அப்படி நினைத்தவர்களுடைய கால்களை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்கலாம். ஜெமீல் விண்ணாங்கு மரத் தடியை நிழலில் போட்டுக் காயவைப்பான். ஈரமான மரத்தைக் கையாலும் தொடமாட்டான். தலைப்பைச் சீவி, இரும்பின் கண்ணுக்குள் விட்டுப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று தடவி, மறுபடியும் சீவுவான். பிறகு கோடாலியைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, பிடியின் அடியில் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் அடிப்பான். இரும்பு தன் பாரத்தில் தானே மரத்தில் ஏறும். அதற்குப் பிறகுதான் கருங்காலி ஆப்பு. அதை அடித்தால் அடித்ததுதான். பிடுங்கித் திருப்பி அடிக்கிற கதை அவனிடம் கிடையாது.

“ஒருக்காப் புடுங்கினா மரம் தளந்திடும். பொறகு நீங்க எத வச்சி அடிச்சாலும் நிக்காது” என்பான்.

கடைசியாக ஒரு வழக்கம் வைத்திருந்தான். வாசலில் கிடக்கும் வேப்பங்குற்றியில் முதல் கொத்தை அவனே கொத்திப் பார்த்துவிட்டுத்தான் ஆளிடம் கொடுப்பான். கழன்றால் என் காலில் விழட்டும் என்பது அவன் நினைப்பு. அப்படி ஒருநாளும் விழுந்ததில்லை.

அது சமாதானக் காலம் என்று பேர். துவக்குச் சத்தம் குறைந்திருந்ததே தவிர, வயலுக்குப் போகிற ரோட்டில் சோதனைச் சாவடி நின்றபடியே நின்றது. பிடி போட்ட கோடாலியோடு போனால் ஆயிரம் கேள்வி. எங்கே போகிறாய், எதை வெட்டப் போகிறாய், யாரை வெட்டப் போகிறாய்! பதில் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பகல் போய்விடும். ஆகவே சனங்கள் ஒரு கெட்டித்தனம் செய்தார்கள். சாவடிக்கு இந்தப் பக்கமே ஆப்பைப் பிடுங்கி, இரும்பைச் சாக்குக்குள் போட்டுக்கொண்டு, பிடியை ஊன்றுதடி மாதிரிக் கையில் பிடித்தபடி போவார்கள். அந்தப் பக்கம் போனதும் ஏதாவது ஒரு மரச் சிம்பைச் செருகி, கல்லால் தட்டிப் பொருத்திக்கொள்வார்கள். வேண்டாம், வேண்டாம் என்று ஜெமீல் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தான். யார் கேட்டார்கள்?

வயல்காரர் அப்துல் ஸமட்டும் கேட்கவில்லை. ஜெமீலைவிட மூத்தவர், முன்கோபக்காரர், ஆனால் நல்ல மனிதர். கடற்கரையோரம் வீடு, மாவடிப்பள்ளிப் பக்கம் வயல். சுனாமி வந்த வருஷம், மாரி தொடங்குவதற்கு முன்னே, வயலில் காவல் வாடிக் குடிசைக்குக் கம்பு வெட்டப் போய்வந்தவர், மறுநாள் அதே கோடாலியால் வீட்டு முற்றத்தில் விறகு கொத்தினார். ஓங்கிய கோடாலி பிடியை விட்டுப் பறந்தது. பக்கத்தில் குந்தி விறகு பொறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி சரீபாவின் முழங்காலில் போய் இறங்கியது. எலும்பு நொறுங்கிவிட்டது. இனி நடக்கலாம், ஆனால் பழையபடி நடக்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஒழுங்கைக்கு வந்தார் ஸமட். கையில் வெறும் பிடி. தேத்தண்ணிக் கடை நிறைய ஆட்கள்.

“இந்தா, நீ போட்ட பிடி! என்ட பொண்டாட்டிய நொண்டியாக்கிட்டாய்டா! காசு வாங்கித்தானே இந்த வேல செய்யிறாய்?”

பிடியை ஜெமீலின் காலடியில் எறிந்துவிட்டுத் திரும்பி நடந்தார். தன் கை பிழைத்துவிட்டதோ என்று ஜெமீல் பயந்துபோனான். குனிந்து பிடியை எடுத்தான். தலைப்பைப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். கருங்காலி ஆப்பு இருந்த இடத்தில் ஒரு கமுகஞ்சிம்பு ஒடிந்து கிடந்தது. இரண்டு பக்கமும் மரத்தில் குறடு கடித்த தழும்பு. சாவடியில் கழற்றியிருக்கிறார் மனிதர்.

வீட்டில் அவன் மனைவி றுகையா பிடியைப் பார்த்துவிட்டு எழும்பிய சத்தம் மூன்று வளவுக்குக் கேட்டிருக்கும்.

“இப்பவே போங்க! அந்த மனிசன்ட மூஞ்சிக்கு நேர இதக் காட்டிட்டு வாங்க. செஞ்சது அவரு, பழி ஒங்களுக்கா?”

போனான். பிடியைச் சாக்கில் சுற்றிக்கொண்டுதான் போனான். சரீபா கட்டிலில் கிடந்தாள். கால் முழுக்கக் கட்டு. ஸமட் மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

“ஜெமீல் தம்பியா? வாங்க. மனசில ஒண்டும் வச்சிக்காதீங்க. எல்லாம் நசீபு. அவரு கோவத்தில கத்திட்டாரு” என்றாள் சரீபா. பிறகு உள்ளே உதவிக்கு நின்ற பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னாள். “தம்பிக்குத் தேத்தண்ணி ஊத்துங்க.”

அந்த மனுஷிக்கு முன்னால் எப்படிச் சாக்கை அவிழ்ப்பது? உன் புருஷன்தான் உன் காலை உடைத்தான் என்று எந்த வாயால் சொல்வது? ஜெமீல் தேத்தண்ணியைக் குடித்தான், சாக்கையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

“போன வேல என்ன, செஞ்ச வேல என்ன? தேத்தண்ணி குடிக்கவா போனீங்க?” என்று றுகையா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? கழட்டி ஜெமீல் என்று பட்டப்பேர் வைத்தது. ஒருவன் சொன்னான், பத்துப் பேர் சிரித்தார்கள், அடுத்த நாள் சின்னப் பிள்ளைகளின் வாயிலும் அதுதான். விதைப்புக் காலத்தில் வரிசையில் நிற்கிற சனம் வேறு ஆளைத் தேடிப் போனது. வீரமுனைச் சாமித்தம்பி மட்டும் எப்போதும்போல வந்தார். “எனக்கு இதுவரைக்கும் ஒண்டும் கழரல்ல தம்பி. ஊர்க் கதையக் கேட்டு நான் ஏன் என்ட மண்வெட்டியோட கோவிக்க?” என்று சிரித்தார். ஒரு சாமித்தம்பியை வைத்து உலை கொதிக்குமா?

றுகையா விடவில்லை. காலையில் தொடங்கினால் படுக்கிறவரை அதே பேச்சு. கடைசியில் ஜெமீலும் இறங்கி வந்தான். வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்ததும் பள்ளி வாசலில் நாலு பெரியவர்களுக்கு முன்னால் பிடியைக் காட்டுவது என்று முடிவானது. அவள் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அந்த வெள்ளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது.

ஜெமீலின் வீடு பெரிய ரோட்டுக்கு இந்தப் பக்கம். தண்ணீர் வாசற்படி வரைக்கும் வந்து திரும்பிப் போனது. அல்லாஹ் காப்பாற்றினான். கடற்கரை வீடுகளில் ஓட முடிந்தவர்களில் பாதிப் பேர் தப்பினார்கள். சரீபாவுக்கு ஓட முடியவில்லை. ஸமட் வயலில் இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு கையையும் பிடித்துக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். “என்ன உடுங்க புள்ளயள், நீங்க ஓடுங்க” என்று கையை உதறியிருக்கிறாள். தப்பி வந்தவர்கள் அழுதுகொண்டு சொன்னார்கள்.

இறந்தவர்களை அடக்கும் மையவாடியில் அன்றைக்குக் கபுறுக்குழி வெட்டக் கையும் போதவில்லை, மண்வெட்டியும் போதவில்லை. நனைந்த மணலில் வெட்ட வெட்ட மண்வெட்டித் தலைகள் ஆடத் தொடங்கின. யாரும் கூப்பிடாமலே ஜெமீல் கொட்டாப்புளியையும் ஒரு பை நிறைய ஆப்பையும் எடுத்துக்கொண்டு போய் மதிலோரம் இருந்தான். ஆடுகிற மண்வெட்டி வரும், இறுக்கிக் கொடுப்பான், அடுத்தது வரும். யாருடைய ஜனாஸா என்று தலை தூக்கிப் பார்க்கவும் நேரமில்லை.

ஸமட் வந்தபோதுதான் பார்த்தான். மனைவியைப் பாயில் கொண்டு வந்திருந்தார். வெட்டிக்கொண்டிருந்தவனிடமிருந்து மண்வெட்டியைப் பறித்துத் தானே கபுறு வெட்டத் தொடங்கினார். நாலு வெட்டில் மண்வெட்டியின் தலை ஆடியது. ஜெமீல் எழுந்து கையை நீட்டினான்.

“தொடாத!” என்று கத்தினார் ஸமட். “ஒண்ட பிடியாலதாண்டா இவளுக்கு ஓட ஏலாமப் போச்சு! ஒண்ட பிடியாலதான்!”

மையவாடி முழுக்கக் கேட்டது. அழுதுகொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல ஜெமீலுக்கு ஒரு வாக்கியம் போதும். நாக்கு நுனியில் நின்றது. ஸமட்டின் முகத்தைப் பார்த்தான். இந்த மனிதருக்கு இனிப் பிடித்துக்கொள்ள இந்த ஒரு கோபம்தான் மிச்சம், அதையும் பறித்தால் ஆள் இங்கேயே விழுந்துவிடுவார் என்று தெரிந்தது. வாக்கியத்தை மென்று விழுங்கினான். ஸமட் எறிந்த மண்வெட்டியை எடுத்து, பழைய ஆப்பைக் களைந்து, மரத்தில் புதிதாக இன்னொரு வெட்டுப் போட்டு, ஆப்பு வைத்து இறுக்கி, வேறொருவன் கையில் கொடுத்தான். சரீபாவின் கபுறு அந்த மண்வெட்டியால்தான் முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் சாக்கிலிருந்த பிடியை எடுத்து அடுப்புக்குள் வைத்தான். றுகையா பாய்ந்து வந்தாள்.

“என்ன செய்றீங்க? ஒங்களுக்கு விசரா? இதுதானே சாட்சி!”

“இனி இதக் காட்டி என்ன செய்ய? அந்த மனிசன உயிரோட பொதைக்கவா?”

அவள் அழுதாள், திட்டினாள், பிறகு அதே நெருப்பில் கஞ்சி வைத்தாள். வேறு என்ன செய்வாள்?

அதற்குப் பிறகு கழட்டி என்ற பேர் நிலைத்துவிட்டது. ஜெமீல் காலையில் சம்மாந்துறை மில்லில் நெல் மூட்டை தூக்கினான். பகலானதும் வந்து கடையைத் திறந்து சும்மா இருந்தான். அப்துல் ஸமட் ஒழுங்கையால் போவார், வருவார். கடைப் பக்கம் முகத்தைத் திருப்பமாட்டார். அவரைக் கண்டால் றுகையா வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாள். அது துஆ இல்லை என்பது மட்டும் ஜெமீலுக்குத் தெரியும்.

யுத்தம் முடிந்தது. கொஞ்சக் காலம் போய், ஒருநாள் சாவடியையும் கழற்றிக்கொண்டு போனார்கள். வருஷக்கணக்காகப் போகமுடியாமல் பற்றைக்காடாகிக் கிடந்த காணிகளைத் துப்புரவாக்கச் சனம் கிளம்பியது. ஒழுங்கையில் ஒரே கோடாலியும் மண்வெட்டியும்தான். தேத்தண்ணிக் கடையில் வெளியூர் ஆட்களும் உள்ளூர் ஆட்களும் முட்டிக்கொண்டு இருந்தார்கள். எதிரே ஜெமீல் சும்மா இருந்தான்.

அப்போது அப்துல் ஸமட் வந்தார். தோளில் பிடியோடு ஒரு கோடாலி. கடைக்கு முன்னால் நின்றார். ஜெமீல் எழுந்தான்.

“வயலுக்குப் போய்ட்டு வாறன்” என்றார். “செக்பொயின்ட் நிண்ட எடத்தில ஒருத்தனும் இல்ல. கோடாலியக் கழட்டாம, தோள்ல போட்டுக்கிட்டு, நேர நடந்து வந்தன்.”

“நல்லம் காக்கா” என்றான் ஜெமீல், மூத்தவரை முறை சொல்லி.

“இதுக்கு நல்ல பிடி ஒண்டு போடு.”

உள்ளே வந்து இருந்தார். ஜெமீல் பழைய பிடியைக் கழற்றிவிட்டு, நன்றாகக் காய்ந்த விண்ணாங்குத் தடி ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். சீவினான், விட்டுப் பார்த்தான், சீவினான். ஸமட் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ அந்தப் பிடியப் பாத்தாய்தானே?” என்றார் மெல்ல.

ஜெமீலின் கை நின்றது. “பாத்தன்.”

“தெரியும். எறிஞ்சிட்டுப் போன நான், ஒழுங்கை முடக்கில நிண்டு திரும்பிப் பாத்தன். நீ அதக் கையில வச்சித் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு நிண்டாய். ஏன் சொல்லல்ல?”

“சொன்னா சரீபா ராத்தா வருவாவா காக்கா?”

ஸமட் தலையைக் குனிந்துகொண்டார். “நீ சொல்லுவாய், ஊர் என்னக் கல்லால எறியும் எண்டு பாத்துக்கிட்டே இருந்தன். நீ சொல்லல்ல. சொல்லியிருந்தா அண்டைக்கே அழுது முடிச்சிருப்பன்.”

ஜெமீல் கோடாலியைத் தலைகீழாகப் பிடித்து அடித்தான். இரும்பு ஏறியது. கருங்காலி ஆப்பை வைத்து இறுக்கினான். வழக்கப்படி முதல் கொத்துக் கொத்த வெளியே வந்தான். ஸமட் பின்னாலேயே வந்து கோடாலியைப் பிடித்தார்.

“இத நான் கொத்துறன்.”

குற்றியின் முன்னால் நின்று கோடாலியை ஓங்கினார். எதிர்க் கடையிலிருந்து ஒருவன் சத்தமாகச் சொன்னான்.

“கவனம் காக்கா! அது கழட்டி ஜெமீல்ட பிடி. கால் போயிரும்!”

கடை சிரித்தது. ஸமட் கொத்தினார். இன்னொன்று கொத்தினார். மூன்றாவது கொத்தில் வேப்பங்குற்றி இரண்டாகப் பிளந்தது. கோடாலியைத் தூக்கி அந்தக் கடையைப் பார்த்துக் காட்டினார்.

“ஜெமீல் போட்ட பிடி கழராது. நான்தான் கழட்டின. செக்பொயின்டுக்குப் பயந்து ஆப்பப் புடுங்கி, கமுகஞ்சிம்ப வச்சி அடிச்சவன் நான். என்ட பொண்டாட்டிட கால ஒடச்சவன் நான். அவ ஓட ஏலாம மௌத்தானதும் என்னாலதான். இந்த மனிசன் எல்லாம் தெரிஞ்சிம் வாய் தொறக்கல்ல. கழட்டி எண்டு ஆருக்கும் பேர் வைக்கிறதெண்டா, எனக்கு வைங்க!”

ஜெமீல் போய் அவருடைய தோளைப் பிடித்தான். “போதும் காக்கா, போதும்” என்றான். கிழவர் பிளந்த குற்றியின் மேல் அப்படியே இருந்து சரீபாவின் பேரைச் சொல்லி அழத் தொடங்கினார். கபுறடியில் கூட அவர் அப்படி அழவில்லை.

பகற்சோற்றுப் பெட்டியோடு ஒழுங்கையில் வந்து நின்ற றுகையா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த பேச்சு அவளிடம் எவ்வளவோ இருந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுக் கிட்ட வந்தாள்.

“ஸமட் காக்கா, எழும்புங்க. வெயிலுக்க இரிக்காம உள்ள வாங்க. சோறு ரெண்டு பேருக்குப் போதும்.”

இரண்டு ஆண்களும் உள்ளே போய் இருந்தார்கள். பெட்டியைத் திறந்து நடுவில் வைத்துவிட்டு, மூன்றாவது ஆளாக அவள் வெயிலில் நின்றாள்.