உப்பு பத்தல

மலேசியாவில், செனாவாங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் நீதிபதி. கல்யாண விருந்தோ கோயில் அன்னதானமோ, வாயில் வைக்கும் முன்பே "உப்பு பத்தல" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். மனைவி சமையலுக்கும் தினமும் அதே தீர்ப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி, அந்த அக்கா, ஃபேக்டரிக்குப் போயிருந்தபோது, அண்ணன் வாழ்நாளில் முதல்முறையாக அடுப்பைப் பற்றவைத்தார். எடுத்த எடுப்பிலேயே மலாய்க்காரர்களின் மாசாக் லெமாக். தேங்காய்ப்பாலில் மஞ்சளும் ஊசி மிளகாயும் போட்டுக் கோழியைக் கொதிக்கவிட்டவர், கடைசியில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினார்.

"இதுக்குத் தாளிக்க மாட்டாங்களேண்ணே," என்றேன்.

"தாளிக்காம எறக்குனா அது என்னா கொழம்புலா? அவுங்களுக்குத் தெரியல, பாவம்."

எல்லாம் தெரிந்தவர் உப்பை அடியோடு மறந்திருந்தார். எனக்கும் ஒரு தட்டு வந்தபோதுதான் அது தெரிந்தது.

வேலை முடிந்து வந்த அக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு உப்பு ஜாடியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"வேணாம்லா, சரியா இருக்கு," என்று அண்ணன் மறுசோறு போட்டுக்கொண்டார்.

ஒரே வேளையில் அந்த நாக்கு எப்படிக் குணமானது என்று வியந்துகொண்டிருந்தேன். மறுநாள் அக்கா சமைத்தார். நடுச்சுவரைத் தாண்டி அதே குரல் கேட்டது:

"உப்பு பத்தல."