உப்புக் கரித்த ஆயில்

புயல் எங்கள் தோப்பைச் சாய்த்துவிட்டுப் போனபோது நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, ஊர் ஊராக வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். பட்டுக்கோட்டையிலிருந்து முத்துப்பேட்டை போகிற சாலைக்குக் கிழக்கே எங்கள் தோப்பு. எங்கள் தோப்பு என்று சொல்வது பழக்கதோஷம். நிலம் ஒரு அறக்கட்டளைக்குச் சொந்தம். தாத்தா காலத்துக் குத்தகை. தென்னை மட்டும்தான் நாங்கள் வைத்தது. மரம் நின்றவரைக்கும் யாரும் எங்களை ஒன்றும் கேட்டதில்லை.

மரம் விழுந்த பிறகு அறக்கட்டளையின் காரியஸ்தர் பைக்கில் வந்து இறங்கினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வரப்பில் நின்றே பேசினார்.

"சாகுபடி இல்லாத நிலத்துக்குக் குத்தகை எதுக்குங்க? பங்குனிக்குள்ள மரத்தை அப்புறப்படுத்திக் கன்னு வச்சிருங்க. வி.ஏ.ஓ. வந்து பாப்பாரு. தரிசுன்னு எழுதிட்டாருன்னா அப்புறம் ஏலம்தான். என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

அடுத்த தோப்புக்காரர் எங்களுக்காகப் பேசினார். அவர் கட்சியில் கிளைச் செயலாளர், கரைவேட்டி இல்லாமல் வெளியே வரமாட்டார். "இந்த மண்ணுல உழுறவனை வெளியேத்த முடியாதுங்க. நாங்க போட்ட சட்டம் அது."

"சட்டம் இருக்கு. குத்தகைப் பதிவு இருக்கா?" என்றார் காரியஸ்தர்.

தாத்தா பதிவு செய்யவில்லை, அப்பாவும் செய்யவில்லை. யாரும் கேட்காதபோது செய்வானேன் என்று இருந்துவிட்டார்கள்.

ஆக, பங்குனிக்குள் நிலம் வெறுமையாக வேண்டும். சொல்வது சுலபம். விழுந்த தென்னை எரியாது, அவ்வளவு ஈரம். வாங்கிக்கொள்ள ஆளில்லை, ஊரெல்லாம் அதே மரம்தான் கிடந்தது. அப்படியே விட்டால் அடிமரம் மக்கும். மக்கினால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். பிறகு எத்தனை கன்று வைத்தாலும் குருத்தைத் துளைத்துத் தின்றுவிடும். அதனால் கிளைச் செயலாளர் முன்நின்று, எங்கள் பக்கத்துத் தென்னை விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்து, மரத்தைத் தூளாக்குகிற ஒரு பழைய சிப்பரைக் கொண்டுவந்தார்கள்.

அதைப் பார்த்த அன்றே எனக்குக் கை அரித்தது. டீசல் இன்ஜின் கத்தி உருளையைச் சுற்றும். முன்னால் பல் வைத்த இரண்டு உருளைகள் மரத்தைக் கவ்வி உள்ளே இழுத்துக் கொடுக்கும். அந்த இழுக்கிற உருளைகளுக்கு பெல்ட் கிடையாது, செயின் கிடையாது, எல்லாம் ஆயில்தான். ஒரு பம்ப் ஆயிலை அழுத்தத்தோடு தள்ளும், அந்த அழுத்தத்தில் உருளை திரும்பும். படத்தில் அம்புக்குறி போட்டுப் படித்தது கண்ணெதிரே தென்னைமரத்தைத் தின்றது. கிளைச் செயலாளர் தோப்பு முடிந்து எங்கள் தோப்புக்கு வந்தபோது நான்தான் அதன் டாக்டர் என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டேன்.

எங்களிடம் வந்ததும் அது படுத்துவிட்டது.

இன்ஜின் அலறும், கத்தி சுற்றும், மரத்தைக் கவ்விய உருளை மட்டும் அசையாமல் நிற்கும். டாங்க் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில் பால் விட்ட டீ மாதிரி கலங்கியிருந்தது. ஆயில் வெளுத்தால் இரண்டு காரணம்தான்: காற்று புகுந்திருக்க வேண்டும், இல்லை தண்ணீர். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தேன். காற்றென்றால் கொஞ்ச நேரத்தில் நுரை மேலே ஏறி, அடியிலிருந்து தெளியும். தெளியவில்லை. உறுதிப்படுத்திக்கொள்ள அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லில் ஒரு சொட்டு விட்டேன். படபடவென்று பொரிந்து தெறித்தது. தண்ணீர்!

"தண்ணிம்மா! தண்ணி!" என்று கத்தினேன்.

அம்மா கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தாள். "மெஷின் எண்ணெயை ஊத்துற கல்லாடி அது? இனிமே அதுல சுடுற தோசையெல்லாம் நீயே தின்னு. படிக்க வச்சதுக்கு நல்லா செஞ்ச."

எனக்கு வந்த முதல் சந்தேகம் ஆயில் விற்ற கடை மேல். முத்துப்பேட்டையில் ஒரு பாய் கடை. பஸ் பிடித்துப் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் கோபப்படவில்லை.

"ஏம்மா, தண்ணி கலந்து விக்கிற ஆசை இருந்தா நான் பால் கடையில்ல வச்சிருப்பேன்? வா, பாத்துருவோம்."

உடைக்காத கேன் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பரோட்டாக் கடைக்கு என்னை அழைத்துப் போனார். பரோட்டா மாஸ்டர் ஒரு பழைய இரும்புக் கரண்டியைச் சூடாக்கித் தந்தார். சொட்டு விட்டதும் லேசாகப் புகைந்தது, அவ்வளவுதான், சத்தமே இல்லை. "இப்ப திருப்தியா?" என்றார் பாய். வெட்கத்தோடு அந்தக் கேனையே வாங்கி வந்தேன்.

அப்படியானால் தண்ணீர் எங்கள் தோப்பில்தான் புகுகிறது. மாசியில் ஒரு நாள் பருவம் தப்பி மழை பெய்திருந்தது. மழைதான் என்று முடிவு கட்டினேன். ஆயிலை முழுக்க வடித்து, டாங்கைத் துடைத்து, புதிதாக ஊற்றி, புயல் நிவாரணத்தில் கிடைத்த தார்ப்பாயால் இரவில் மூடிவைத்தோம். முதல் நாள் சிப்பர் சிங்கம் மாதிரி வேலை செய்தது. அப்பா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். சில நாளிலேயே கண்ணாடி மறுபடி வெளுத்தது. வானத்திலோ ஒரு பொட்டு மேகம் இல்லை.

வேலி ஓரத்தில் கிளைச் செயலாளர். "என்னம்மா இன்ஜினியரு, மெஷினு அடுத்த தோப்புக்கு எப்ப போகும்? உன் ஆராய்ச்சி முடிஞ்சி புக்கு போட்டப்புறமா?"

"உங்க தோப்பு முடிஞ்சிருச்சில்ல, சித்தப்பா? அப்ப கிண்டல் வரத்தான் செய்யும்."

"கிண்டலில்லம்மா. காத்துக்கிட்டிருக்கவனெல்லாம் என் வீட்டு வாசல்ல வந்துல்ல நிக்கிறான்."

மறுநாள் விடிந்ததும், இன்ஜினைத் தொடுவதற்கு முன்னால், டாங்கின் அடியிலிருந்த திருகைத் தளர்த்தினேன். இரவெல்லாம் அசையாமல் நின்றதில் கொஞ்சம் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கியிருந்தது. ஆயிலுக்கு முன்னால் அதுதான் வந்தது. விரலில் தொட்டேன். என்ன தோன்றியதோ, நாக்கில் வைத்தேன்.

உப்பு.

மழைத்தண்ணீர் உப்புக் கரிக்குமா? எங்கள் பக்கத்தில் உப்புத் தண்ணீர் ஒரே இடத்தில்தான் உண்டு. கடல் உள்ளே ஏறி ஏறி எங்கள் போர்வெல்லில் வருவது குடிக்க ஆகாத தண்ணீர். தென்னை மட்டும் எப்படியோ குடித்து வளரும்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகாமல் தோப்பிலேயே நின்றேன். வேலை நின்றது. அப்பா மோட்டாரைப் போட்டு ஹோஸைப் பிடித்தார். எங்கள் ஊரில் வேலை செய்த எதையும் கழுவாமல் நிறுத்தமாட்டார்கள். முன்பு மாடு, பிறகு டிராக்டர், இப்போது சிப்பர். கத்திப் பெட்டி, சக்கரம், உருளைப் பல்லில் சிக்கிய நார் எல்லாவற்றையும் கழுவிவிட்டு, சூடு அடங்கட்டும் என்று டாங்கின் மேல் தண்ணீரை நிதானமாக அடித்தார். ஆவி பறந்தது. டாங்கின் உச்சியில் காளான் மாதிரி ஒரு சின்ன மூடி. அதுதான் அதன் மூக்கு. ஆயில் சூடாகும்போது அது வழியாகக் காற்று வெளியே போகும், ஆறும்போது உள்ளே வரும். அப்பா குளிரக் குளிர அடித்த தண்ணீரைத்தான் அது இழுத்துக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்கப்பா!"

"என்னம்மா?"

"தண்ணி இங்கேர்ந்துதான் போவுது. அது ஆறும்போது மூச்சு இழுக்கும்பா. நீங்க ஊத்துறதைக் குடிச்சிடுது."

அப்பா ஹோஸைக் கீழே போட்டார். அது தரையில் பாம்பு மாதிரி நெளிந்து அவர் காலை நனைத்தது. "நாள் பூரா உழைக்குது, கழுவாம எப்படி விடுறது?" என்றார். மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, "பக்கத்துத் தோப்புலயும் தெனம் கழுவுனோமேம்மா" என்றார்.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு அந்த ஒரு ராத்திரி இருந்தது. பொழுது விடிந்ததும் அதுவும் போனது. மறுபடி ஆயில் மாற்றினோம். கண்ணாடியில் தேன் நிறம் நின்றது. ஆனால் காலையில் இழுத்த உருளை, வெயில் ஏறியதும் நின்றது. ஆற விட்டால் மறுபடி இழுத்தது. சூட்டில் எந்த ஆயிலும் மெலிந்து இளகும். பம்ப் நல்லபடி இருந்தால் அது தெரியாது. பம்புக்குள் பற்சக்கரம் தேய்ந்திருந்தால் இளகிய ஆயில் அந்த இடுக்கிலேயே நழுவித் திரும்பிவிடும், உருளைக்கு அழுத்தம் போய்ச் சேராது. கழற்றிப் பார்த்தேன். உப்பு தன் வேலையை முடித்திருந்தது. துரு அரித்து, பற்சக்கரம் உரசும் தகடெல்லாம் கோடு கோடாகக் கிழிந்திருந்தது. பம்ப் வடக்கேயிருந்து வர வேண்டும், பங்குனி கழிந்துதான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு விடியலில் கொஞ்சம், ஆறியபின் கொஞ்சம் என்று ஓட்டினோம். ஈரச் சாக்கைப் பம்ப் மேல் போட்டால் இன்னும் கொஞ்ச நேரம் இழுக்கும், அங்கே தண்ணீர் உள்ளே போக வழியில்லை என்று எவ்வளவோ சொன்னேன். அப்பா விடவில்லை. மெஷின் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீரை அண்டவிடவில்லை. குடிக்கிற சொம்பைக்கூடத் தூரத்தில் வைத்தார்.

வெறுமையான வரைக்கும் கன்று வைத்தோம். மிச்சப் பாதியில் மரங்கள் மக்கிக் கிடந்தன. வண்டு அங்கிருந்து கிளம்பி வந்து, வைத்த கன்றுகளின் குருத்தைத் துளைத்தது. புது ஓலையெல்லாம் கத்தரிக்கோலால் நறுக்கின மாதிரி விரிந்தது. பார்க்கவே பயமாக இருந்தது.

வி.ஏ.ஓ. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். மரியாதையாகப் பேசினார். நான் ஆயில், உப்பு, பம்ப் என்று மூச்சுவிடாமல் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா நிலத்துல என்ன இருக்குன்னுதான் நான் எழுதணும். மெஷினுக்கு என்ன ஆச்சுன்னு எழுத இடம் கிடையாது."

"பாதி நட்டிருக்கோமே, சார்."

அவர் குனிந்து ஒரு கன்றின் குருத்தைத் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு தரிசு என்று எழுதினார்.

ஏலத்தன்று மறியல் செய்வோம் என்று சொல்லியிருந்த கிளைச் செயலாளர் கட்சி மாநாட்டுக்குப் போய்விட்டார். குத்தகையைப் பட்டுக்கோட்டைத் தேங்காய் வியாபாரி ஒருவர் எடுத்தார்.

சித்திரையில் பம்ப் வந்தது. கூட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் நான்தான் பொருத்தினேன். முதல் வேலை எங்கள் பழைய தோப்பில், அந்த வியாபாரிக்குத்தான். மெஷினை ஓட்ட ஆள் இருந்தான், ஆனால் ஆயிலைப் பார்க்க நான் வந்தால்தான் நல்லது என்று ஃபோன் செய்தார்கள். அப்பா போக வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போனேன். வெயில் உச்சிக்கு ஏறியும் உருளை ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. ஆயில் தெளிவாக இருந்தது. ஓட்டுநர் கேட்டான்: "எந்தப் பக்கம் இன்னும் பாக்கி இருக்குங்க?"

மேற்கு மூலையைக் காட்டினேன். அப்பா முதன்முதலாக வைத்த வரிசை அங்கே கிடந்தது. பொழுது சாய்வதற்குள் நிலம் வெறுமையாகி, கன்று வைக்கத் தயாராக இருந்தது.