கம்பளிக்குள் இருந்த மூச்சு

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் பிள்ளைக்குச் சளி பிடித்தால் மருந்துக்கு முன்னால் துணிதான் வரும். தங்கச்சியின் மூன்று மாதப் பையனுக்கும் அப்படித்தான். பக்கத்து வீட்டு அக்கா தொப்பி கொடுத்தார், இன்னொருவர் காலுறை. எல்லாவற்றுக்கும் மேலே, தங்கச்சி கொழுந்து பறிக்கப் போகும்போது போர்த்தும் கம்பளி. பையனின் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

மறுநாள் காலை அவன் இரண்டு வாய் குடித்ததும் பாலை விட்டுவிட்டான். அழக்கூடத் தெம்பில்லை. பையனின் அப்பாவான மச்சானுக்குக் கொழும்பில் வேலை. நான்தான் ஆட்டோ பிடித்து இருவரையும் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

அவசரப் பிரிவு நர்ஸ் சிங்களப் பெண். மூட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"உள்ள புள்ளயா அம்மா, மரக்கறியா?"

"தொறந்தா குளிரு அடிச்சிரும் மிஸ்" என்று தங்கச்சி கம்பளியை இறுக்கினாள்.

"தொறக்காட்டி நெஞ்சு தெரியாதே."

ஒவ்வொன்றாகக் கழற்றிக் கடைசிச் சட்டையைத் தூக்கியதும் அவர் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து உள்ளே போனது. அதுவரை நாங்கள் யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை.

டாக்டர் வந்தார். நுரையீரலின் சின்னக் குழாய்கள் வீங்கிச் சளி அடைத்திருக்கிறது, அது தானாக ஆற வேண்டும், அதுவரை மூச்சுக்குத் துணை கொடுப்போம் என்றார். மூக்கில் மெல்லிய குழாயை ஒட்டி ஓர் இயந்திரத்தோடு இணைத்தார்கள்.

தங்கச்சிக்கு அழுகை வந்துவிட்டது. "குளிர்காத்த உள்ளுக்கே வுடுறாங்களே அண்ணே."

நர்ஸ் அவள் கையைப் பிடித்துக் குழாயின் மேல் வைத்தார். "தொட்டுப் பாருங்க. காத்த சூடாக்கி, ஈரமாக்கித்தான் அனுப்புது. உங்க கம்பளி இந்தளவு சூடு இல்ல."

வெதுவெதுவென்றிருந்த அந்தக் குழாயிலிருந்து அவள் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் நெஞ்சுக் குழிவு குறைந்தது. பையன் கண்ணயர்ந்தான். மச்சானுக்குப் போன் போட்டேன். "மகன் நல்லா மூச்சு விடுறான் மச்சான். இப்பதான் நாங்களும் விடுறோம்." அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

சில நாளில் குழாயை எடுத்தார்கள். பையன் நிறுத்தாமல் பால் குடித்தான். ஆஸ்பத்திரியில் அதைவிட நல்ல சத்தம் நான் கேட்டதில்லை.

லயத்துக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டு அக்கா இன்னொரு தொப்பியோடு வாசலில் நின்றார்.

"பொறுங்கக்கா" என்றாள் தங்கச்சி. "நெஞ்ச ஒருக்கா பாத்துக்கிறேன்."

சட்டையை விலக்கினாள். நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். நெஞ்சு அமைதியாக ஏறி இறங்கியது. அதற்குப் பிறகுதான் தொப்பியை வாங்கினாள்.